யாரோ கையால் போட்ட எண்

கருப்பணன் தன் நிழல் பின்னால் வந்தால்கூட நின்று, அது யாரென்று கேட்டுவிட்டு நடக்கிற ஆள். வெம்பக்கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பதால் கேட்டிலேயே ஆட்களைத் தடவிப் பார்த்து விடுவது எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம்தான். கருப்பணன் கம்பெனியில் மட்டும், கேட்டுக்காரர் எல்லாரையும் தடவி முடித்ததும் முதலாளி வந்து கேட்டுக்காரரைத் தடவிப் பார்ப்பார். "ஒங்களைய யாரு பாக்கிறதாம்?" என்று அவர் மனைவி சண்முகத்தாய் ஒருமுறை கேட்டாள்.  அன்று முழுக்க அவர் அவளைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு 2009 சித்திரையில் ஒரு யோசனை பிறந்தது. அந்த வருஷத் தீபாவளிக்குப் புதிதாக ஒரு பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், போடுவது, அதன் பெட்டியில் ஒரு குரங்கு சேவல் மேல் ஏறிச் சவாரி போவது போல லேபிள் அடிப்பது. குரங்கின் கையில் கம்பி மத்தாப்பு, தலையில் சிவப்புத் தொப்பி. சிவகாசியில் மயில் உண்டு, கிளி உண்டு, கொழுகொழு குழந்தை உண்டு. சேவல் மேல் குரங்கு கிடையாது. வாழ்க்கையில் தனக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை அதுதான் என்று கருப்பணனுக்கே தெரியும். அதனாலேயே அதைப் பொத்திப் பொத்தி வைத்தார்.

லேபிள் விஷயத்தில் சிவகாசியில் ஒரு கணக்கு உண்டு. ஆடியில் விலைப்பட்டியல் வெளியே போகும்வரை புது லேபிளை யாரும் கண்ணில் காட்ட மாட்டார்கள். யார் லேபிள் முதலில் வெளியூர் வியாபாரி கண்ணில் படுகிறதோ அவனுடையதுதான் அசல். பின்னால் வருகிறவன் உண்மையிலேயே பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் காப்பி அடித்தவன்தான்.

படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தவள் மருமகள் இசைவாணி. விருதுநகர்ப் பெண். கம்ப்யூட்டர் படித்தவள். போன ஆவணியில்தான் மகன் மாரீஸ்வரனைக் கட்டிக்கொண்டு விஸ்வநத்தத்து வீட்டுக்கு வந்தாள். வந்த கொஞ்ச நாளில், வெளியே டிசைன் போடக் கொடுத்துக்கொண்டிருந்த வேலையை எல்லாம் தானே எடுத்துக்கொண்டாள். வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரும் பிராட்பேண்ட் லைனும் வந்தன. சேவலின் வால் இறகை அவள் வரைந்து காட்டியபோது கருப்பணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நெசச் சேவலுக்கே இப்படி வால் கிடையாது தாயி" என்றார்.

அதற்கப்புறம் அவர் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. அச்சுக்குப் பிலிம் எடுக்கும் இடத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிரஸ்ஸில் மெஷின் ஓடி முடிகிறவரை நின்றார். கலர் சரியாக விழும்வரை மெஷினில் ஓடுகிற தாள்களை வேஸ்ட் ஷீட் என்பார்கள். பிரஸ்காரர்கள் அதை எடைக்குப் போடுவது வழக்கம். கருப்பணன் விடவில்லை. "ஒரு தாளு இங்கன கிடக்கப்படாது" என்று ஒன்று விடாமல் பொறுக்கித் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். காசு கொடுத்த தாள் என்பதால் அதை வீணாக்கவும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு, ஆடி பிறந்த கையோடு, ஒரு ஏஜெண்ட் அவர் கம்பெனிக்கு வந்து பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். போட்டிக்காரர் ரத்தினசாமி கம்பெனியின் புதுப் பூச்சட்டி. பெட்டியில் சேவல். சேவல் மேல் குரங்கு. தொப்பி மட்டும் பச்சை.

 கருப்பணன் சேவலின் வாலை உற்றுப் பார்த்தார். அது அவர் வீட்டு முன்னறையில் பிறந்த வால். மயில் என்றால் பத்துப் பேருக்குத் தோன்றும். சேவல் மேல் குரங்கு இரண்டு மண்டையில் தோன்ற வழியே இல்லை. யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

யார் என்று ஆராய உட்கார்ந்தார். பிலிம் எடுத்த இடத்தில் அவர் கண்ணை எடுக்கவில்லை. பிரஸ்ஸில் ஒரு துண்டுத் தாள் விடவில்லை. மிச்சம் இருப்பது வீடு. வீட்டில் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குப் பின்னால் சுவரில் ஓட்டை போட்டு வெளியே போகிற ஒரு ஒயர். அந்த ஒயரை அவர் அதுவரை ஒழுங்காகக் கவனித்ததே இல்லை. திரி என்று ஒன்று இருந்தால் அதன் அந்தப் பக்கத்து முனை எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் கையை வைக்க வேண்டும் என்பது அவர் தொழிலில் முதல் பாடம். தன் வீட்டுக்குள்ளேயே ஒரு திரி கிடக்கிறது, அதன் அந்த முனை எவன் கையில் இருக்கிறதென்று தெரியாமல் ஒரு வருஷமாக அதன் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறோமே என்று நினைத்தார்.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இசைவாணியின் தாய்மாமன் இராமகிருஷ்ணன் கணக்கு எழுதுவது யாரிடம்? ரத்தினசாமி கம்பெனியில். பெண் பார்க்கப் போனபோதே தெரிந்த விஷயம்தான். அன்றைக்கு அது ஒரு தகவல். இன்றைக்கு அது வேறு ஆகிவிட்டது.

ஆடி வெள்ளிக்கு மாமியாரும் மருமகளும் இருக்கன்குடிக் கோயிலுக்குப் போன பகலில், கருப்பணன் சிவகாசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பாண்டியைக் காதும் காதும் வைத்த மாதிரி வீட்டுக்கு வரவழைத்தார். பாண்டி வந்ததும் வராததுமாகத் தெருக்கதவைத் தாழ் போட்டார்.

"என்ன அண்ணாச்சி, கம்ப்யூட்டர் ஓடலையா?"

"ஓடுது. அது எங்க ஓடுதுன்னு பாக்கணும். இந்த ஒயரு வளியா யாருகிட்டப் போகுதுன்னு சொல்லு."

பாண்டி சிரித்தான். கருப்பணன் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டு, மௌஸைப் பிடித்தான். கண்ட்ரோல் பேனலைத் திறந்தான். அதற்குள் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ். அதில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்கள் சேர்ந்த ஒரு படம். அதன் மேல் வலது பக்கம் தட்டி பிராப்பர்ட்டீஸ் போனான். வந்த பட்டியலில் டி.சி.பி. ஐ.பி. என்று இருந்ததைத் தேர்ந்து, மறுபடியும் பிராப்பர்ட்டீஸ். ஒவ்வொரு தட்டலுக்கும் கருப்பணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வீட்டுக்குள் இத்தனை அறைகள் இருப்பது அவருக்குத் தெரியாது.

கடைசியாக வந்த சின்னப் பெட்டியைப் பார்த்து பாண்டி, "அட" என்றான்.

"என்னலே?"

"டி.என்.எஸ். சர்வர் அண்ணாச்சி. இது பொதுவா ஆட்டோமேட்டிக்னு இருக்கும், மேல உள்ள புள்ளியில. இங்கன கீள உள்ள புள்ளியில இருக்கு. நம்பரு போட்டிருக்கு பாருங்க. யாரோ கையால போட்டிருக்காக."

இரண்டு வரி. இருநூற்று எட்டு, புள்ளி, அறுபத்தேழு என்று தொடங்கி முழுக்க எண்களும் புள்ளிகளும். கருப்பணன் குனிந்து அதைப் பார்த்தார். யாரோ கையால் போட்டிருக்கிறார்கள் என்ற அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

"டி.என்.எஸ்.னா?"

"நாம ஒரு வெப்சைட் பேரை அடிக்கிறோம்லா, கம்ப்யூட்டருக்குப் பேரு தெரியாது, நம்பருதான் தெரியும். இந்த சர்வர்கிட்டப் போயி, இந்தப் பேருக்காரன் வீடு எங்க இருக்குன்னு கேக்கும். அது சொல்லும்."

"அப்ப நாம எங்க போறதா இருந்தாலும் இவன்கிட்டக் கேட்டுத்தான் போகணும்?"

"ஆமா."

"அப்ப நாம எங்கெங்க போறோம்னு இவனுக்குத் தெரியும்?"

பாண்டி தலையைச் சொறிந்தான். "அப்படிப் பாத்தா, தெரியும்தான்."

"இவன் எந்த ஊர்க்காரன்?"

"வெளிநாடு மாதிரித் தெரியுது அண்ணாச்சி. அமெரிக்காவா இருக்கும். ஆனா ஒண்ணு, டிசைன் ஃபைலெல்லாம் இது வளியாப் போகாது. இது சும்மா அட்ரஸ் சொல்ற வேலைதான்."

கடைசியில் சொன்னது கருப்பணன் காதில் விழவில்லை. அமெரிக்கா என்றதோடு அவர் காது அடைத்துக்கொண்டது. விஸ்வநத்தத்திலிருந்து ரத்தினசாமி வீட்டுக்கு ஒரு படத்தைக் கொண்டுபோக டி.வி.எஸ். வண்டியில் கொஞ்ச நேரம் போதும். அதை அமெரிக்காவுக்கு அனுப்பி அங்கிருந்து திருப்பி அனுப்பினால் எவனால் கண்டுபிடிக்க முடியும்? அவருக்கு மருமகளின் மூளையை நினைத்து ஒரு நிமிஷம் மலைப்பாகக்கூட இருந்தது.

பாண்டி மேல் புள்ளிக்கு மாற்றிவிட்டுப் போனான். போகுமுன் கருப்பணன் அந்த வழியைத் திரும்பத் திரும்பத் தட்டச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடிக்கத் தெரியாது, ஒரு பாட்டுக் கேட்கத் தெரியாது. டி.என்.எஸ். சர்வர் எங்கே இருக்கிறதென்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போவார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இசைவாணி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அத்தை, நாம கோயிலுக்குப் போயிருந்தப்ப வீட்டுக்கு யாரும் வந்தாகளா?" என்று கேட்டாள்.

"யாரும் வந்ததா இவுக சொல்லலையே. ஏன்?" என்றாள் சண்முகத்தாய்.

"கம்ப்யூட்டரை யாரோ தொட்டிருக்காக. பிரஸ்ஸுக்கு மெயில் அனுப்பப் பாத்தா பக்கமே திறக்க மாட்டேங்குது."

கருப்பணன் அப்பளத்தை நொறுக்கினார். சும்மா இருந்தால் திறக்கிறது, அமெரிக்காக்காரனைத் தள்ளி வைத்தால் திறக்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மகன் மாரீஸ்வரன் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு வீட்டில் நடக்கிறது எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டான்.

அடுத்த நாள் அவள் குளிக்கப் போனதும் கருப்பணன் முன்னறைக்குள் நுழைந்தார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தட்டித் தட்டிப் போனார். போய்ப் பார்த்தால் புள்ளி மறுபடியும் கீழே இருந்தது. அதே இருநூற்று எட்டு. அதே அறுபத்தேழு.

அன்றிலிருந்து அவருக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. மருமகள் போனில் சிரித்தால் யாருடன் என்று பார்த்தார். விசைப்பலகையில் அவள் வேகமாக அடித்தால், அவ்வளவு அவசரமாக எதை அனுப்புகிறாள் என்று நினைத்தார். அவர் உள்ளே வந்ததும் அவள் ஒரு பக்கத்தை மூடினால் மூடியது ஏன் என்று நினைத்தார். மூடாமல் விட்டால், எப்படி ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருக்கிறாள் பார் என்று நினைத்தார். காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தால், இத்தனை நாள் இல்லாத அக்கறை இன்றைக்கு என்ன என்று நினைத்தார். உண்மையில் அவள் வந்த நாளிலிருந்தே காப்பி கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருந்தபோது அவர் அடக்க முடியாமல் போட்டு உடைத்தார். மூவரையும் முன்னறைக்குக் கூப்பிட்டார். தானே மௌஸைப் பிடித்து, ஒரு தப்பு இல்லாமல் தட்டிப் போய், அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். மாரீஸ்வரன் வாயைப் பிளந்தான். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்பதுதான் அவனுக்கு அதிசயமாக இருந்தது.

"இதைப் போட்டது யாரு?" என்றார் கருப்பணன்.

"நான்தான் மாமா" என்றாள் இசைவாணி.

அவள் மறுப்பாள், மறுத்ததும் மடக்கலாம் என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். அவள் உடனே ஒத்துக்கொண்டது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு, இது அதைவிடப் பெரிய தந்திரம் என்று தோன்றியது.

"எதுக்குப் போட்ட?"

"நம்ம லைன்ல வர்ற சர்வரு அடிக்கடி மக்கர் பண்ணுது மாமா. பேரை அடிச்சா அட்ரஸ் எடுத்துக் குடுக்க மாட்டேங்குது. ஏங்கூடப் படிச்சவ ஒருத்தி இந்த நம்பரைச் சொன்னா. எல்லாருக்கும் சும்மா குடுக்கிறாக. இதைப் போட்ட பெறகுதான் மெயில் ஒளுங்காப் போகுது."

"சும்மா குடுக்கிறாகளா? எவன் எதைச் சும்மா குடுப்பான்? அமெரிக்காவுல இருக்கிறவனுக்கு விஸ்வநத்தத்துக்காரன் மேல என்ன அம்புட்டுப் பாசம்?"

இசைவாணிக்கு அப்போதும் விஷயம் முழுதாகப் புரியவில்லை. கணவன் பக்கம் திரும்பினாள். "நான் இவுககிட்டக்கூட அன்னைக்கே சொன்னேனே. இப்படி மாத்தியிருக்கேன்னு. சொன்னேன்ல?"

மாரீஸ்வரன் அப்பா முகத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "சொன்னியோ என்னமோ. எனக்கு நெனவில்ல."

அவள் சொல்லியிருந்தாள். அவன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே உம் கொட்டியிருந்தான். அவன் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த இடத்தில் அதைவிட ஈனமான பதில் இருக்க முடியாது.

கருப்பணனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "சேவலும் குரங்கும் ரத்தினசாமி கைக்கு எப்படிப் போச்சு? ஒன் தாய்மாமன் எங்க வேலை பாக்காரு? இம்புட்டையும் சேத்து வச்சுப் பாத்தா ஒரு சின்னப் பிள்ளைக்கும் வெளங்கும்" என்றார்.

"என்னங்க பேசுறீக நீங்க!" என்று சண்முகத்தாய் குறுக்கே வந்தாள். ஆனால் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார்.

இசைவாணி அழுவாள் என்று மூன்று பேரும் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திறந்திருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக மூடி, அணைத்து, மேலே துணியைப் போட்டு மூடினாள். பிறகு உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்கம்மா வீட்டுக்குப் போறேன் அத்தை" என்றாள். போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் போறேன் என்று சொன்னதைச் சண்முகத்தாய் கவனித்தாள். மாரீஸ்வரன் பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவிட எழுந்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

கருப்பணன் அன்று சாயங்காலமே புள்ளியை மேலே மாற்றினார். இன்டர்நெட் சரியாகத் திறக்காமல் சுற்றிச் சுற்றி நின்றதைப் பார்க்க அவருக்கு நிம்மதியாக இருந்தது. திரியைப் பிடுங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தார்.

ஆனால் வீடு வீடாக இல்லை. சண்முகத்தாய் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். "ஒரு பொம்பளப் பிள்ளைய இல்லாததையும் பொல்லாததையும் சொல்லி வெரட்டிட்டு, நல்லா உருட்டி உருட்டிச் சாப்பிடுங்க" என்பாள். மாரீஸ்வரன் கம்பெனியிலேயே சாப்பிட்டுக் கம்பெனியிலேயே கிடந்தான். விருதுநகருக்கு இரண்டு தரம் போய்விட்டு வந்தான். என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் வாசலோடு திரும்பியவன் மாதிரி இருந்தது. ஒரே மகன். அவன் வாழ்க்கை இதோடு முறிந்துவிடுமோ என்ற பயம் கருப்பணனுக்கு இல்லாமல் இல்லை. இருந்தாலும், கள்ளத்தனத்தைக் கண்டுபிடித்தது தப்பா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அந்தப் பயத்தை அமுக்கினார்.

அப்படியிருக்கையில் தாயில்பட்டியிலிருந்து கம்பெனிக்கு ஒரு லோடு குழாய் வந்தது. வெடிமருந்து அடைப்பதற்கான காகிதக் குழாய்கள். தாயில்பட்டியில் பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, பழைய தாள்களை உள்ளே வைத்து மேலே பழுப்புத் தாளைச் சுற்றிப் பசை போட்டுச் சுருட்டித் தருவார்கள். தாளைக் குறைத்துச் சுற்றி ஏமாற்றுகிறார்களோ என்ற சந்தேகம் கருப்பணனுக்கு ஒவ்வொரு லோடுக்கும் உண்டு. வழக்கம்போல ஒரு குழாயை எடுத்து, நகத்தால் கீறி, பிரித்துக்கொண்டே போனார். பழுப்புத் தாள் கழன்றது. அதற்கடுத்து ஒரு வழவழப்பான தாள்.

சிவப்புத் தொப்பி போட்ட குரங்கு அவரைப் பார்த்துச் சிரித்தது.

அவர் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு இன்னொன்றைப் பிரித்தார். அதிலும் குரங்கு. கலர் சரியாக விழாமல் சேவல் கொஞ்சம் நீலமாக இருந்தது. பிரஸ் தரையிலிருந்து ஒன்று விடாமல் தானே பொறுக்கிய வேஸ்ட் ஷீட். காசு கொடுத்த தாளாயிற்றே என்று, அங்கிருந்து நேராகத் தாயில்பட்டிக்கு வேனை விட்டு, குழாய் சுருட்ட இறக்கிப் போட்டுவிட்டு வந்ததும் அவர்தான். குழாய்க்குள் சுருண்டு மருந்தோடு வெடித்துப் போகப் போகிறது, இதைவிடப் பத்திரமாக ஒரு படத்தை எப்படி ஒளிக்க முடியும் என்று அன்றைக்கு அவர் தன்னையே மெச்சிக்கொண்டார். அதன் பிறகு அதை மறந்தே போனார்.

வேனை எடுத்துக்கொண்டு தாயில்பட்டிக்குப் பறந்தார். குழாய் வேலையை வாங்கி வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கிற பத்திரகாளி வாசலில் குழாய்களைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் போட்ட தாள்ல சுருட்டுன குழாயி எனக்கு மட்டுந்தான வந்தது?" என்று கேட்டார். 

"அது எப்படி முதலாளி? எல்லாத் தாளும் ஒண்ணாத்தான கெடக்கும். யாரு மொதல்ல ஆர்டர் குடுத்தாகளோ அவுகளுக்குப் போகும். மொத லோடு ரத்தினசாமி முதலாளிக்குப் போச்சு. அவுக இங்கன வந்திருந்தாக. தாளைப் பாத்துட்டு விளுந்து விளுந்து சிரிச்சாக. இது யாரு போட்ட படம், நல்லாருக்கேன்னு கேட்டு ஒரு தாளை மடிச்சு எடுத்துட்டுப் போனாக. வேண்டாத தாளுதானன்னு நானும் குடுத்துட்டேன். ஏன் முதலாளி, தப்பா?"

"இல்ல" என்றார் கருப்பணன்.  யார் மேலாவது கோபப்பட வேண்டும் என்று தேடிப் பார்த்தார். யாருமே கிடைக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு பெண் பிள்ளையைப் பெற்று வளர்த்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைக்கையில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வேனில் ஏறி உட்கார்ந்தும் வெகு நேரம் சாவியைத் திருகாமல் இருந்தார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடமும் மகனிடமும் நடந்ததைச் சொன்னார். மகன் எழுந்து சட்டையை மாட்டினான். மூன்று பேருமாக விருதுநகருக்குப் போனார்கள்.

இசைவாணியின் வீட்டில் இராமகிருஷ்ணனும் இருந்தார். வேலை நாளில் இவர் எப்படி இங்கே என்று கருப்பணனுக்கு வழக்கம்போல முதலில் ஒரு சந்தேகம் எழுந்தது. எழுந்ததற்காக அந்த இடத்திலேயே தன்னை நொந்துகொண்டார்.

"வேலைய விட்டுட்டேங்க" என்றார் இராமகிருஷ்ணன். குரலில் காரம் இல்லை. "நான் அங்க இருக்கிறவரைக்கும் எம் மருமகளுக்கு ஒங்க வீட்ல பேரு கெடும்லா. அதான்."

கருப்பணன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தாள், குழாய், ரத்தினசாமி, பத்திரகாளி எதையும் மறைக்கவில்லை. "தப்பு முழுக்க என் மேலதான். மன்னிச்சிரு தாயி. வீட்டுக்கு வா" என்று மருமகளைப் பார்த்துக் கை கூப்பினார். அவள் பதறி, "கையைக் கீள எடுங்க மாமா" என்றாள். சண்முகத்தாய் அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாரீஸ்வரன் ஒரு மூலையில் நின்று, "நீ சொன்ன. நான்தான் காதுல வாங்கல" என்றான். அதை அவன் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலை அவள் பையோடு கிளம்பி வந்தாள்.

வந்த அன்றே தீபாவளி லேபிள் வேலைகள் குவிந்து கிடந்தன. அவள் முன்னறைக்குப் போனாள். துணியை எடுத்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்து, "மாமா, கொஞ்சம் இங்கன வாறீகளா?" என்று கூப்பிட்டாள்.

கருப்பணன் அவசரமாக வந்தார். ஏதாவது கேட்கிறாள், எது கேட்டாலும் செய்துவிடலாம் என்று ஆசையாக வந்தார்.

"பக்கத்துல நாற்காலி போட்டு உக்காருங்க மாமா. வேலை ஆரம்பிக்கணும்."

"நான் எதுக்கு தாயி? எனக்கு இதுல என்ன தெரியும்?"

"நீங்க உக்காந்தாத்தான் நான் மௌஸைத் தொடுவேன்."

சண்முகத்தாய் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். மருமகள் குரலில் கோபம் இல்லை. எப்போதும் பேசுகிற மரியாதையோடுதான் பேசினாள். அதுதான் கருப்பணனுக்குத் தாங்கவில்லை.

"நான்தான் ஒன்னைய முழுசா நம்புறேன்னு சொல்லிட்டனே ஆத்தா" என்றார். சொல்லும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீங்க என்னைய நம்புறீக மாமா" என்றாள் இசைவாணி. "எனக்குத்தான் உங்க மேல நம்பிக்கை வர மாட்டேங்குது. நாளைக்கு இன்னொரு லேபிள் வெளிய போகும். அன்னைக்கு நான் எங்க போவேன்?"

 அப்படி இனி நடக்காது என்று கருப்பணன் சொல்லலாம். ஆனால் நேற்று அவள் வீட்டில் இராமகிருஷ்ணனைப் பார்த்ததும் முதலில் என்ன நினைத்தார் என்பது அவருக்கே தெரியும். சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஃபைலைத் திறக்கிறேன் மாமா. பாத்துக்கிட்டீகளா?"

"பாத்துக்கிட்டேன்" என்றார்.

"இப்ப பிரஸ்ஸுக்கு மெயில் அனுப்பப் போறேன். யாருக்குப் போகுதுன்னு பேரைப் படிச்சுப் பாத்துக்கோங்க."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். படித்து முடிக்கிறவரை அவள் காத்திருந்தாள்.